ஒன்று புள்ளி மூன்று ஒன்று

ஜூன் 12, திங்கள்

இவர் காலை பஸ்ஸில் ஓசூர் போனார். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை. பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. இட்லி நான்கு மீந்தது.

ஆய்வகத்தில் மீட்டருக்கு அளவு கற்றுக்கொடுக்கும் ஃபுளோரைடு மூலக் கரைசல் தீர்ந்திருந்தது. புதிதாகத் தயாரித்தேன். சோடியம் ஃபுளோரைடு 2.21 கிராம். எடை போட்டது, கரைத்தது, குடுவையின் கோடு வரை நீர் நிரப்பியது எல்லாம் நானே. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசை ஃபௌசியா பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாதிரிகள் பதினொன்று முடிந்தன.

மாலை தயிர் வாங்கினேன். எதிர்வீட்டுப் பூங்கோதை அக்கா, "சார் எங்க, காலையிலேயே பெட்டியோட போனாரே?" என்றார். ஓசூருக்கு மாற்றல் என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

ஒரு டம்ளர் அரிசி அதிகம். முக்கால் போதும்.

ஜூன் 26, திங்கள்

காரைமரத்தள்ளியிலிருந்து மாதிரி வந்தது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சேர்த்துப் போட்ட புது ஆழ்துளைக் கிணறு. அந்த ஊரின் மேட்டுப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. தர்மபுரிப் பக்கம் பாறையிலேயே ஃபுளோரைடு இருப்பதால், போர் போட்டதும் குடித்துவிட முடியாது. முதலில் எங்களிடம் வரவேண்டும். இந்தத் தனியார் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

மூன்று முறை அளந்தேன். 1.31, 1.30, 1.31. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஒன்றரை வரை அனுமதி உண்டு. மூன்று எண்களும் இப்படி ஒட்டி வருவது அபூர்வம். ஃபௌசியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்கா, கை உங்களுக்கு மிஷின் மாதிரி," என்றாள்.

அறிக்கையில் 'அனுமதி வரம்புக்குள்' என்று கையெழுத்துப் போட்டேன். பஞ்சாயத்திலிருந்து வந்தவர் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றாம் தேதி தொட்டியில் ஏற்றிவிடுவார்களாம்.

ஜூலை 5, புதன்

டைரக்டர் தெய்வநாயகம் சார் கூப்பிட்டார். கிராமங்களில் தண்ணீர்த் தொட்டி பார்ப்பவர்களுக்குப் பயிற்சி நடத்தப் போகிறோமாம். அளவை சம்பந்தமான அடிப்படைச் சொற்களைத் தமிழில் எழுதித் தரவேண்டும்.

"பாடப் புத்தகம் மாதிரி வேணாம், தாமரை. படிச்சா புரியணும். இருபது வார்த்தை போதும்."

சரி என்றேன். வீட்டில் மாலை நேரம் நிறைய இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

துணி துவைத்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். இவருடைய ஹெல்மெட் அங்கே இருந்தது. அங்கேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் அளந்தோம் என்பது ஒன்று. திரும்பத் திரும்ப அளந்தால் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது வேறொன்று. நாம் பேச்சில் இரண்டையும் 'துல்லியம்' என்றுதான் சொல்கிறோம். அகராதிகளிலும் குழப்பம். ஃபௌசியா இப்படிச் சொன்னாள்: "உண்மைக்குக் கிட்ட, ஒண்ணுக்கொண்ணு கிட்ட. அவ்ளோதான்க்கா."

அப்படியே எழுதிவிட்டேன். முதலாவதற்கு மெய்மை, இரண்டாவதற்கு ஒருமிப்பு. ஒருமிப்பு நன்றாக இருந்தால் மெய்மையும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்கிற வரிதான்.

ஜூலை 14, வெள்ளி

ஃபௌசியாவுக்குக் கடைசி நாள். கோயம்புத்தூரில் பெரிய ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வருடம் என் பக்கத்து மேசை. கேக் வெட்டினோம். அவளுக்கு ஒரு பேனா கொடுத்தேன்.

கிளம்பும்போது, "நீங்க சாப்பிடறீங்களாக்கா ஒழுங்கா?" என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன்.

ஜூலை 20, வியாழன்

திறனறி மாதிரி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும். ஒரே தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் அடைத்து நாடு முழுக்க ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். உள்ளே எவ்வளவு என்று அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் அளந்து எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் விடை 1.02. அனுப்பிவிட்டோம்.

ஜூலை 30, ஞாயிறு

'கண்டறியும் எல்லை' எழுதினேன். கருவிக்கு எட்டாத அளவு சிறியதாக இருந்தால் 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

பூங்கோதை அக்கா கீரை கொண்டுவந்தார். "ஞாயித்துக்கிழமைகூட சார் வரலியா? அவ்ளோ வேலையா?" என்றார். வருட முடிவு என்றேன். ஜூலையில் என்ன வருட முடிவு என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

திறனறி முடிவு வந்தது. சரியான மதிப்பு 2.04. எங்களுடையது 1.02. கலந்துகொண்ட நாற்பத்தாறு ஆய்வகங்களில் நாங்கள் மட்டும் தனியாகக் கீழே நிற்கிறோம். சரியாகப் பாதி.

சார் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "எழுதும்போது தவறியிருக்குமோ?"

இல்லை. என் குறிப்பேட்டில் 1.02, 1.02, 1.03.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஆர்டர் போட்டு மூன்று மாதமாக வராமலிருந்த சான்றிதழ்க் கரைசல் போன வாரம்தான் வந்திருந்தது. வெளியிலிருந்து வாங்கும், அளவு உறுதி செய்யப்பட்ட கரைசல். நம்முடையதைச் சரிபார்க்க அதுதான் சாட்சி. அது இல்லாத மூன்று மாதமும் எங்கள் கரைசலை எங்கள் கரைசலை வைத்தே சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

உடைத்து வைத்துப் பார்த்தேன். 2.00 இருக்க வேண்டியது மீட்டரில் 1.00 காட்டியது.

அப்படியானால் மீட்டருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததே தவறு. மூலக் கரைசல் இரு மடங்கு கெட்டியாக இருக்கிறது. அதை 'ஒன்று' என்று நம்பி மீட்டர் மற்றதையெல்லாம் பாதியாகச் சொல்லியிருக்கிறது. அலமாரியைத் திறந்தேன். ஒரு லிட்டர் குடுவை இல்லை. மே மாதம் கழுத்து விரிசல் விட்டதால் ஒதுக்கியது நினைவுக்கு வந்தது. இருப்பவை எல்லாம் அரை லிட்டர். ஒரு லிட்டருக்கான 2.21 கிராமை அரை லிட்டரில் கரைத்திருக்கிறோம்.

மீட்டரின் மில்லிவோல்ட் எண்கூட ஜூன் 12 முதல் பதினெட்டு நகர்ந்திருக்கிறது. தினமும் நானே அதை எழுதியிருக்கிறேன். எலெக்ட்ரோடு பழசாகிறது என்று நினைத்தேன்.

அந்தக் கரைசலை வைத்துக் கொடுத்த அறிக்கைகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன். ஏழு, வரம்பைத் தாண்டின. அதில் ஆறு தோட்டக் கிணறுகள். ஏழாவது காரைமரத்தள்ளி.

ஆகஸ்ட் 23, புதன்

சார் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரெஜிஸ்டர்ல யார் கையெழுத்து?"

"ஃபௌசியா."

"அவங்க போயாச்சு. ஆடிட்டருக்குக் குடுக்கற ரிப்போர்ட்ல, காரணம் எழுதற இடத்துல கரைசல் தயாரித்தவர்னு அவங்க பேரப் போட்டுடலாம். ஆள் இப்ப வேலைல இல்ல, திருத்த நடவடிக்கை முடிஞ்சதுன்னு ஆகும். ஆடிட்டர் அதுக்கு மேல தோண்டமாட்டார். நம்ம அங்கீகாரம் தப்பிக்கும்."

"காரைமரத்தள்ளிக்குச் சொல்லணும் சார்."

"மறு மாதிரி எடுப்போம். நாளைக்கே. அதுலயும் வந்தா சொல்வோம். ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

பதிவேட்டில் ஃபௌசியாவின் கையெழுத்துதான் இருக்கிறது. வேறு யாருடையதும் இல்லை. அவள்தான் தயாரித்திருப்பாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காரைமரத்தள்ளி மறு மாதிரி, புதுக் கரைசலை வைத்து: 2.61, 2.60, 2.62.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். "எடை போட்டது, கரைத்தது, குடுவையின் கோடு வரை நீர் நிரப்பியது எல்லாம் நானே." என் எழுத்து. நேற்று முன்தினம் 'அவள்தான் தயாரித்திருப்பாள்' என்று எழுதியிருப்பதும் என் எழுத்து. இரண்டையும் அடிக்கவில்லை.

காலை ஒன்பதுக்குப் பஞ்சாயத்துக்கு போன் செய்து, அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். சாரிடம் கேட்கவில்லை. பிறகு ஃபௌசியாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் குடுவையப் பாத்திருக்கணும். ஆயிரம் மில்லின்னு நீங்க சொன்னீங்க, நான் எழுதிட்டேன்."

"நீ பார்க்க வேண்டியது இல்ல. நான் செய்த வேலை அது."

"அன்னிக்கு நீங்க அழுதுட்டே இருந்தீங்க. அதான் எழுதற வேலைய நான் வாங்கிக்கிட்டேன். வேலையவே வாங்கியிருக்கணும்."

ஜூன் 12இல் அழுததாக நான் எழுதவில்லை.

சாரிடம் போய், தயாரித்தது நான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யார் கேட்டாங்க உங்கள?"

"யாரும் கேக்கல சார்."

"இதுல என்ன ஆகும்னு தெரியுமா? வேலைய விட்டுப் போன ஆள் தப்பு பண்ணா அது ஒரு விஷயம். கையெழுத்துப் போடற சீனியரே பண்ணா வேற."

தெரியும் என்றேன். காரணம் என்ன என்று கேட்டார். கவனக்குறைவு என்றேன். பத்தொன்பது வருடத்தில் இல்லாத கவனக்குறைவு அன்றைக்கு ஏன் வந்தது என்றார்.

ஆகஸ்ட் 26, சனி

காரைமரத்தள்ளிக்குத் தனியாகப் போனேன். பள்ளி வராண்டாவில் இருபது பேர் இருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர், தலைமை ஆசிரியர், மற்றவர்கள் தாய்மார்கள். அங்கன்வாடி ஆசிரியை மாதேஸ்வரி முன்னால் நின்றிருந்தார். என் வயது இருக்கும்.

ஜூன் அறிக்கை தவறு, தவறு செய்தது நான், உண்மை அளவு 2.6 என்று சொன்னேன். அங்கே வரும்வரை அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர், "ஏங்க, நீங்க குடுத்த பேப்பர லேமினேட் பண்ணி ஆபீசுல மாட்டியிருக்கோமே," என்றார்.

மாதேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட இருபத்திரண்டு புள்ளைங்க இருக்குது. ஒண்ணாந் தேதியிலேருந்து நேத்துவரைக்கும் அம்பத்தாறு நாளு. என் கையால மோந்து குடுத்திருக்கேன். எங்க மாமனாரு முதுகு நிமிராமலே செத்தாரு, இந்தத் தண்ணியாலதான். எனக்குத் தெரியாதா? அதனாலதான் பேப்பர் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் தொட உடல. இப்ப சொல்லுங்க, அதுங்களுக்கு என்ன ஆவும்?"

"ஐம்பத்தாறு நாளில் எலும்புக்கு எதுவும் ஆகாது. அது வருஷக்கணக்கில் வருவது. பல் முளைக்கிற வயசுக் குழந்தைங்களுக்குக் கறை விழுமான்னு கேட்டா, விழ வாய்ப்பு குறைவுன்னுதான் சொல்ல முடியும். விழவே விழாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"விழாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே, எல்லாரும் நிம்மதியா இருந்திருப்பாங்க."

"சொல்லியிருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கெளம்புங்க," என்றார். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். நல்ல வெயில்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பள்ளித் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வர ஏற்பாடாகியிருக்கிறது என்று தலைவர் போனில் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

செப்டம்பர் 4, திங்கள்

ஆடிட்டர் வந்து போனார். ஃபுளோரைடு சோதனைக்கான அங்கீகாரம் மூன்று மாதம் நிறுத்தம். கையெழுத்திடும் அதிகாரத்திலிருந்து என் பெயரும் மூன்று மாதத்துக்கு நீக்கம். நாற்பத்தொரு பேருக்கும் திருத்திய அறிக்கை அனுப்ப வேண்டும்.

சார் என்னிடம் வேலை தவிர வேறு பேசுவதில்லை. இப்போது கண்ணாடிச் சாமான்கள் கழுவும் பொறுப்பு எனக்கு. குடுவைகளின் கழுத்தில் அளவை எழுதிப் பெரிய சிவப்பு லேபிள் ஒட்டினேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பிழைகளின் வகைகள் எழுதினேன். கருவியால் வருவது. முறையால் வருவது. அளப்பவரால் வருவது, அதற்கு ஆள்சார் பிழை என்று பெயர். அளப்பவரின் கவனமின்மை, களைப்பு, பழக்கம், முன்முடிவு இவற்றால் ஏற்படும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் இந்த மூன்று வகைப் பிழையும் தாமாக வெளியே தெரியாது. வேறொருவர் அளந்தால்தான் தெரியும்.

எழுதிவிட்டுச் சமைக்கவில்லை. பழைய தோசைமாவு இருந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

இவர் வந்தார். சான்றிதழ்கள் இருந்த கோப்பையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டார். காபி போட்டேன், குடித்தார்.

"வக்கீல் பேப்பர் அனுப்புவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சரி."

"உனக்கு ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லியா?"

இருந்தது. மார்ச்சில் கேட்டிருந்தால் பயன் இருந்திருக்கும். இல்லை என்றேன்.

அவர் இறங்கிப்போவதைப் பூங்கோதை அக்கா பார்த்தார். மாலை வந்து, "சார் வந்துட்டு உடனே போறாரே, தங்கலியா?" என்றார்.

"மாற்றல் எல்லாம் இல்லக்கா. பிரிஞ்சுட்டோம். ஜூன் பன்னிரண்டிலேயே."

அவர் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்டி. நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்," என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் அவியல்.

அக்டோபர் 19, வியாழன்

பயிற்சி நடந்தது. முப்பது பேர். என் சொல்பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார்கள். வகுப்பு எடுத்தது வேறொருவர். நான் பின்னால் நின்று புரொஜெக்டர் பார்த்துக்கொண்டேன். 'நிச்சயமின்மை' என்ற சொல்லுக்கு ஒருவர் எழுந்து, "அப்ப உங்க லேப்ல சொல்றது நிச்சயம் இல்லியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் அது என்று ஆசிரியர் விளக்கினார். சரியாகவே விளக்கினார்.

டிசம்பர் 4, திங்கள்

மூன்று மாதம் முடிந்தது. அங்கீகாரம் திரும்ப வந்தது. மூலக் கரைசலை இனி இருவர் தனித்தனியாகத் தயாரித்து ஒப்பிட வேண்டும் என்பது புது விதி. எழுதியது நான். சார் திருத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டார். "உங்க பேரும் லிஸ்ட்ல திரும்பப் போட்டிருக்கு," என்றார்.

டிசம்பர் 7, வியாழன்

பதினொரு மணிக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். மாதேஸ்வரி. கையில் கட்டைப் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி பழைய கெணறு ஒண்ணு இருக்குது. தூர் வாரியிருக்கோம். லாரித் தண்ணி பத்தல. அந்தத் தண்ணிய பாக்கணும்."

இரண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில் 'கிணறு' என்றும் இன்னொன்றில் 'போர்' என்றும் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க போர்த் தண்ணீரும் கொண்டுவந்ததாகச் சொன்னார். நீங்களே அளக்க வேண்டும், இங்கேயே இருக்கிறேன் என்றார்.

கிணறு 2.58. போர் 2.61.

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். எலெக்ட்ரோடைக் கழுவி, சான்றிதழ்க் கரைசலை வைத்தேன். 2.00 என்றது. மறுபடி இரண்டையும் அளந்தேன். 2.60, 2.60. உப்பின் அளவு பார்த்தேன், கடினத்தன்மை பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே வந்தன. தூர் வாரிய மேல்கிணறும் இருநூறடி போரும் இப்படி எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. ஆனால் லேபிளில் 'கிணறு' என்று இருக்கிறது. கொண்டுவந்தவர் எழுதியது. அதற்கு மாறாகச் சொல்ல நான் யார் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பக்கத்து மேசை அமுதனை, என் எண்களைக் காட்டாமல் அளக்கச் சொன்னேன். அவருக்கும் அதேதான் வந்தது.

வெளியே போனேன். மாதேஸ்வரி அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பேர் வேறவேற எழுதியிருக்கீங்க. ஆனா ரெண்டும் ஒரே தண்ணி. ரெண்டும் போர்த் தண்ணி. நான் சொல்றது தப்பா இருந்தா சொல்லுங்க."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தப்பில்ல. ரெண்டையும் ஒரே பைப்புலதான் புடிச்சேன்," என்றார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பையின் அடியிலிருந்து துணியில் சுற்றிய மூன்றாவது பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுதான் கெணறு."

0.84, 0.86, 0.85. அமுதனுக்கு 0.85.

எண்ணைச் சொன்னேன். குடிக்கலாமா என்று கேட்டார். ஃபுளோரைடைப் பொறுத்தவரை குடிக்கலாம், ஆனால் திறந்த கிணறு, கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டேன், அதற்குக் கொதிக்கவைத்த பாட்டிலில் அங்கேயே வந்து எடுக்க வேண்டும் என்றேன்.

"யாரு வருவீங்க?"

"நானே வர்றேன். சனிக்கிழமை."

பையை மடித்து இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. ஆனா தண்ணி எடுக்கும்போது நான் பக்கத்துலயே நிப்பேன்."

நிற்கச் சொன்னேன்.